கேட்காமல் விற்ற தொப்பி

ஒபியெபுனா ஒரு சிவப்புத் தொப்பியைத் தன் தலையில் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஓனிட்சா சந்தையில் அவர் கடையும் என் கடையும் எதிரெதிர். முப்பத்தோரு வருஷமாக நான் பவழமும் தோல் விசிறியும் விற்கிறேன், அவர் தொப்பி விற்கிறார். வருகிறவருக்கு ஒரு தொப்பியைக் காட்ட வேண்டுமென்றால் இடது கையை முட்டியாக மடக்கி, அதன்மேல் தொப்பியைக் கவிழ்த்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். மற்ற கடைக்காரர்கள் எல்லாம் தங்கள் தலையிலேயே மாட்டிக்கொண்டு பல்லை இளித்துக்கொண்டு நிற்பார்கள்.

"சோமா அப்பா, அப்புறம் உங்களுக்குத் தலை எதுக்குத்தான் இருக்கு?" என்று கேட்பேன்.

"உங்க பேச்சைக் கேட்டு வலிக்கறதுக்கு, கொசி அம்மா" என்பார்.

எங்கள் பக்கத்தில் சிவப்புத் தொப்பி, ஊர் கொடுக்கும் ஓசோ பட்டம் வாங்கிய பெரியவர்களுக்கு மட்டும்தான். மற்ற ஆண்களுக்குக் கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கம்பளித் தொப்பி இருக்கிறது, சிறுத்தைத் தொப்பி என்போம். அதுவும் அழகுதான். ஆனால் லாகோஸிலும் ஆபாவிலும் வளர்ந்த பையன்கள் சினிமாவைப் பார்த்துவிட்டு, கல்யாணம் என்றாலே சிவப்புத் தொப்பிதான் என்று முடிவு கட்டிக்கொண்டு வருவார்கள். ஒபியெபுனா அவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். யார் வீட்டு விசேஷம்? பந்தலில் எந்தப் பக்கம் உட்காரப் போகிறீர்கள்? அப்புறம் மூன்றாவது கேள்வி: உங்கள் பட்டப் பேர் என்ன?

பட்டம் வாங்கியவருக்குப் பட்டப் பேர் இருக்கும். கேட்ட மாத்திரத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். உடனே ஒபியெபுனா முட்டியிலிருந்து தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்.

"ஐயா, நான் காசு தரேன். இது வெறும் துணிதானே?" என்று ஒருத்தன் ஒருமுறை எகிறினான்.

"வெறும் துணின்னா கைக்குட்டை வாங்கிக் கட்டிக்கோ தம்பி, ரெண்டு கடை தள்ளிக் கிடைக்கும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொப்பி கிடைக்காமல் முறைத்துக்கொண்டு போகிறவன் என்னிடம் பவழம் வாங்குவானா, விசிறி வாங்குவானா? அவர் நேர்மைக்கு என் வியாபாரம் ஏன் படுக்க வேண்டும்? எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். எங்கள் வரிசையில் அவருக்குப் போலீஸ் என்றே பெயர். இத்தனைக்கும் அவரைப் போலத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க அந்தச் சந்தையில் ஆள் கிடையாது. ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். அகலமான நெற்றிக்கு உயரம் குறைந்த தொப்பி, துக்க வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரே ஒரு சரம் பவழம், பெண் வீட்டுக்காரர் எந்தக் காலத்திலும் மாப்பிள்ளை வீட்டாரைவிடப் பளபளக்கக் கூடாது. இதெல்லாம் அவர் கட்சி.

பிறர் பட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தொப்பி வைத்தவருக்குத் தனக்கென்று பட்டம் இல்லை. அதற்கு ஊருக்கே விருந்து வைக்க வேண்டும், நிறையச் செலவாகும். ஒருமுறை அதற்கென்று சேர்த்தும் வைத்தார். அந்த வருஷம்தான் அவருடைய ஒரே மகள் சோமாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது, பணம் அந்தப் பக்கம் போயிற்று. அவர் மனைவி உகோயே ஒரு வாரம் அழுதாள். அவர் அழவில்லை. ஊர்ப் பெரியவர்கள் எப்போது பட்டம் வாங்கப் போகிறாய் என்று கேட்டால் பேச்சை மழைக்கும் கிழங்குக்கும் மாற்றிவிடுவார். இல்லை என்ற சொல் மட்டும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

சோமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பையன் டுபெம், ஆபாவில் மின்சார வேலை செய்கிறவன், சிரித்த முகம். பெண் கேட்டுக் கதவைத் தட்டிய அன்று அவனுடைய சித்தப்பாதான் வந்தார். அப்பா ஒக்குடிலி லாரியோடு வடக்கே போயிருந்தார். ஆகவே சம்பந்திகள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முதலில் பார்த்தது சந்தையில், கள் ஏந்தும் விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது. எங்கள் பக்கத்தில் அன்றுதான் பெண் கள் குவளையோடு கூட்டத்துக்குள் நடந்து, தன் ஆளைத் தேடிப் பிடித்து, மண்டியிட்டுக் கொடுப்பாள். அவன் குடித்தால் கல்யாணம்.

ஒக்குடிலி நல்ல உயரம். முப்பது வருஷம் லாரி ஓட்டிய முதுகு, லேசாக முன்னால் சாய்ந்திருந்தது. கடை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்பது போலச் செருப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் டுபெமோட அப்பா" என்றார்.

ஒபியெபுனா இருக்கையை விட்டுத் துள்ளி எழுந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விருந்தாளிக்கு உடைத்துக் கொடுக்கும் கோலாக்கொட்டை வந்தது, குளிர்பானம் வந்தது. என்னையும் கூப்பிட்டு, "கொசி அம்மா, இவர்தான் என் சம்பந்தி" என்று ஏதோ நாட்டுக்கே அதிபதி வந்த மாதிரிச் சொன்னார்.

"விசேஷத்துக்கு என்ன போட்டுக்கணும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது சம்பந்தி. நீங்க பாத்து ஒண்ணு வைங்க. ஆபாவுல எல்லாரும் சிவப்புதான் போடறாங்க, எனக்கு அது ஆகுமான்னு தெரியல" என்றார் ஒக்குடிலி.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். இப்போது மூன்றாவது கேள்வி வரும் என்று பார்த்தால், வரவில்லை. ஒபியெபுனா மேல்தட்டிலிருந்து இருப்பதிலேயே நல்ல தொப்பியை எடுத்தார், முட்டியில் வைத்துக் காட்டக்கூட இல்லை, நேராகச் சம்பந்தியின் தலையில் வைத்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். முன்னால் வந்து ஒரு விரல்கடை இறக்கினார்.

"உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு" என்றார்.

ஒக்குடிலி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நானும் ஒரு சரம் பவழம் எடுத்துப் போட்டேன். காசு வாங்கவில்லை. சோமா என் கண் முன்னால் தவழ்ந்த குழந்தை.

அவர் போனதும் நான் விடவில்லை.

"என்ன போலீஸ்காரரே, இன்னிக்கு லீவா? கேள்வியே வரலையே?"

"சம்பந்தியைப் போய் எப்படிக் கேக்கறது? பொண்ணு வீட்டுல என் தகுதியைத் தோண்டிப் பாத்தாங்கன்னு ஊருக்குப் போய்ச் சொல்ல மாட்டாரா? அந்த மனுஷன் நடையைப் பாருங்க. அவருக்குப் பட்டம் இருக்கும்."

"நடையில பட்டமா? முதுகு வலி அது!"

"சும்மா இருங்க" என்றார். அன்று முழுக்க அவர் சீட்டியடித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் அதற்கு மேல் கிளற மனம் வரவில்லை.

விழாவுக்கு நான்கு நாள் முன்னால், தன் அம்மாவுக்குக் கோத்து வைத்த பவழத்தை வாங்கிப் போக டுபெம் வந்தான். அறிவிப்பாளருக்கு மாப்பிள்ளை வீட்டார் பெயர்களை எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"தம்பி, உங்க அப்பாவோட பட்டப் பேர் என்ன?"

அவன் சிரித்துவிட்டான். "அப்பாவுக்குப் பட்டமா அத்தை? லாரிதான் அவருக்குப் பட்டம், கொடி எல்லாம். ஆனா அந்தத் தொப்பி இருக்கே, அதைத் தலகாணிப் பக்கத்துலயே வச்சுக்கறார். அம்மா கேலி பண்ணிப் பண்ணி ஓஞ்சுட்டாங்க."

எதிர்க்கடையில் ஒபியெபுனா கேட்டுவிட்டார். பையன் போகும் வரைக்கும் முகத்தில் ஒரு சிரிப்பைப் பிடித்து வைத்திருந்தார். போனதும் தொப்பிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

உமுனெக்கோ ஒபியெபுனாவின் ஊர், விழாவும் அங்கேதான். அங்கே பட்டக்காரர்கள் இந்த விஷயத்தில் கறார். போன வருஷம் லாகோஸிலிருந்து காரில் வந்து இறங்கிய ஒரு மாப்பிள்ளையின் அப்பா சிவப்புத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெரியவர் இச்சியே அனெனே கைத்தடி நுனியால் அந்தத் தொப்பியைத் தூக்கித் தரையில் போட்டார், முந்நூறு பேர் பார்க்க. மாப்பிள்ளை வீட்டார் சோற்றைத் தொடாமல் வண்டி ஏறினார்கள். அந்தக் கல்யாணம் எட்டு மாசம் கிடப்பில் கிடந்து, பிறகு இல்லாமலே போயிற்று.

"போன் போட்டுச் சொல்லிடுங்க" என்றேன்.

அவர் போனை எடுத்தார். பெயரைத் தேடினார். வைத்துவிட்டார்.

"என்னன்னு சொல்றது கொசி அம்மா? நான் என் கையால வச்ச தொப்பியை, உனக்குத் தகுதியில்ல கழட்டுன்னு சொல்றதா?"

"அப்ப நான் சொல்றேன்."

"வேண்டாம். பொம்பளை வாயால வந்தா இன்னும் மோசம்."

"ஓஹோ! பொம்பளை வாய் பவழம் விக்க மட்டும் ஆகுமோ?"

பாவம், சண்டை போடக்கூட அவருக்குத் தெம்பில்லை. மறுநாள் ஊருக்குப் போய் இச்சியே அனெனேயைப் பார்த்து, இந்த ஒருமுறை கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தார். போன வருஷம் அந்த லாகோஸ்காரனுக்குச் செய்தேன், உன் சம்பந்திக்கு விட்டுவிட்டால் என் தடியை எதற்கு வைத்திருக்கிறேன் என்று பெரியவர் கேட்டாராம். அதில் தப்பு சொல்லவும் முடியாது. கடைசியில் ஒபியெபுனா ஒரு சிறுத்தைத் தொப்பியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டார். வாசலுக்கு முன்பே சாலையில் சம்பந்தியை மடக்கி, காதோடு காதாகச் சொல்லி மாற்றிவிடுவது என்பது திட்டம். உகோயேவுக்கும் சோமாவுக்கும் ஒரு வார்த்தை தெரியாது.

சனிக்கிழமை காலையில் ஒரு மழை கொட்டித் தீர்த்தது. நான் ஒபியெபுனாவின் வீட்டுக்குள் சோமாவுக்குப் பவழம் கட்டிக்கொண்டிருந்தேன். கழுத்துக்கு ஐந்து சரம், கைக்கு, காலுக்கு, தலையில் சுற்றி ஒரு வளையம். அவள் கழுத்து நீளம், அதற்குப் பெரிய மணிகள்தான் எடுக்கும் என்று அவள் அப்பாவே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவர் சாலை முனையில் செய்தித்தாள் பொட்டலத்தோடு நிற்கிறார்.

"அப்பா ஏன் அங்க நிக்கறார் அத்தை? சமையல்காரர் மாதிரி கையில பொட்டலம் வேற" என்றாள் சோமா.

"சம்பந்தியை வரவேற்கறார்டி. கழுத்தை ஆட்டாத."

சாலை சேறாகிவிட்டதால் மாப்பிள்ளை வீட்டாரின் வேன் பின்பக்கம் பள்ளிக்கூட வழியாகச் சுற்றி வந்துவிட்டது. மேளமும் கூச்சலுமாக அவர்கள் பந்தலின் மறுபக்கம் இறங்கியதை ஒபியெபுனா பார்க்கவே இல்லை. அறிவிப்பாளர் என்று ஒரு அதிகப்பிரசங்கி, மைக்கைப் பிடித்தவன், உயரமான மனுஷர் ஒருவர் சிவப்புத் தொப்பியும் பவழமுமாக வருவதைப் பார்த்தானோ இல்லையோ, "பெரியவங்களுக்கு வழி விடுங்க!" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் முன்வரிசையில், பட்டக்காரர்கள் நடுவில் உட்கார வைத்துவிட்டான். இதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சோமாவை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இச்சியே அனெனே எழுந்து நின்று தோல் விசிறியை நீட்டிக்கொண்டிருந்தார். பட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் விசிறியோடு விசிறியை மூன்று முறை தட்டிக்கொள்வார்கள், பட்டப் பேர் சொல்லி அழைத்துக்கொள்வார்கள். ஒக்குடிலியின் கையில் விசிறி இல்லை. எழுந்து நின்று, நீட்டிய விசிறியையே பார்த்தார்.

"உங்க பட்டப் பேர்?" என்றார் இச்சியே. அவருக்குப் பதில் தெரியும். கேட்கிற முறை என்று ஒன்று இருக்கிறதே, அதற்காகக் கேட்டார்.

ஒக்குடிலி தொப்பி விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையில் டுபெமின் அம்மா எழுந்துவிட்டாள். இச்சியே விசிறியை இறக்கவில்லை, ஆனால் அவருடைய மற்றக் கை தடிமேல் போயிற்று.

அப்போதுதான் ஒபியெபுனா சேற்றுக் காலோடு ஓடி வந்தார். இருவருக்கும் நடுவில் நுழைந்தார். மூச்சு வாங்கியது.

"இச்சியே, அந்தத் தொப்பியை வச்சது நான். அவரா எடுத்து வச்சுக்கல. தண்டம் என்னைச் சேரணும்."

"நீயா? பட்டப் பேர் கேக்காம யாருக்கும் தர மாட்டேன்னு உனக்கு ஊரெல்லாம் பேராச்சே."

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

ஒபியெபுனா செய்தித்தாள் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

ஒக்குடிலி இரண்டு கையாலும் தன் தொப்பியைக் கழற்றினார். ஒருவரும் தடியால் தொட வேண்டியிருக்கவில்லை. நரைத்த, குட்டையாக வெட்டிய முடி, அதில் தொப்பியின் தடம்.

"பெரியவரே, இவர் எல்லாரையும் கேப்பாருன்னு என் பையன் முன்னாடியே சொல்லியிருந்தான். கேட்டா இல்லன்னு சொல்லிட்டுக் கோடு போட்ட தொப்பியை வாங்கிட்டு வரலாம்னுதான் போனேன். இவர் கேக்கல. எழுந்து நின்னு என் தலையில வச்சார். முப்பது வருஷமா ஒவ்வொரு செக்போஸ்ட்டுலயும் யார் நீ, எங்க போற, என்ன ஏத்தியிருக்கன்னுதான் என்னைக் கேட்டிருக்காங்க. அன்னிக்கு ஒருத்தர் ஒண்ணுமே கேக்காம என்னைப் பெரிய மனுஷன்னு நெனச்சுட்டார். இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல. தப்பு என்மேலயும் இருக்கு."

பிறகு ஒபியெபுனா பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, இப்பக் கேளுங்க. எல்லாரையும் கேக்கற மாதிரிக் கேளுங்க."

"வேண்டாம் சம்பந்தி."

"கேளுங்க. உங்க பொண்ணு வரப் போற வீடு. தெரிஞ்சுக்கிட்டு அனுப்புங்க."

ஒபியெபுனா கேட்டார். "உங்க பட்டப் பேர் என்ன?"

"இல்ல. எனக்குப் பட்டம் இல்ல. லாரி ஓட்டறேன்."

பந்தலில் யாரோ பாதி சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். ஒபியெபுனா தன் தலையிலிருந்த கோடு போட்ட தொப்பியை எடுத்தார். பெண்ணின் அப்பா தன் வீட்டுப் பந்தலில் வெறுந்தலையோடு நிற்பதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"ஏன் கேக்கலன்னு கேட்டீங்களே இச்சியே. இவர் இல்லன்னு சொல்லிடுவாரோன்னு பயந்து கேக்கல. இவருக்காவது இருந்துட்டா நல்லாருக்கும்னு ஆசைப்பட்டேன். என் பொண்ணு ஒரு பட்டக்காரர் வீட்டுல போய் வாழட்டும்னு." ஒக்குடிலி பக்கம் திரும்பினார். "எனக்கும் இல்ல சம்பந்தி. எனக்கும் பட்டம் இல்ல. இனிமேயும் வாங்கப் போறதில்ல."

நான் அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன? பின்னால் திரும்பினால், பாதிப் பவழத்தோடு சோமா வாசற்படியில் நிற்கிறாள். அழகாகச் சுற்றிக் கட்டிய தலை வளையம் காதுப் பக்கம் சரிந்து கிடக்கிறது. அவளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

இச்சியே அனெனே இரண்டு வெறுந்தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறும் கையை நீட்டினார், முதலில் ஒக்குடிலிக்கு, அடுத்து ஒபியெபுனாவுக்கு.

"தண்டம் தண்டந்தான். ஒரு கிடா கொண்டு வந்து கட்டுங்க" என்றார்.

"நான் தரேன்" என்றார் ஒபியெபுனா.

"நான் தரேன்" என்றார் ஒக்குடிலி.

"ரெண்டு கிடா எதுக்குய்யா?" என்று பெரியவர் எரிந்து விழுந்தார். "ஒரே வீடாத்தானே ஆகப் போறீங்க. சேர்ந்து ஒண்ணு கொண்டாங்க. பொண்ணை வரச் சொல்லு, கள் புளிக்குது."